ரத்தத்தின் மேல் போட்ட பழி

'பிறப்பு' என்ற சொல் காதில் விழுந்தாலே நமக்கு உடம்பு விறைத்துக்கொள்கிறது. விறைக்கத்தான் செய்யும். நம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்கள் எல்லாம் அந்தச் சொல்லில் இருந்துதான் புறப்பட்டு வந்திருக்கின்றன. இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏன் என்றால் பிறப்பு. இவன் கை பட்டால் தண்ணீர் கெடும், ஏன் என்றால் பிறப்பு. இவள் சேற்றில் நிற்பதற்கென்றே வந்தவள், ஏன் என்றால் பிறப்பு. "அது அவனுங்க ரத்தத்துலயே இருக்குப்பா" என்று ஊர்த்தெருத் திண்ணையில் வெற்றிலை மென்றபடி தீர்ப்புச் சொன்ன வாய்களை நாம் அறிவோம். ஒன்றை ரத்தத்தின் மேல் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அதில் உள்ள வசதி.

அதனால்தான் ஒரு விஞ்ஞானி வந்து "உங்கள் நோய் உங்கள் மரபணுவில் இருக்கிறது" என்று சொல்லும்போது, அதை எப்படிக் கேட்பது என்பது நமக்கு மட்டும் கூடுதல் கனமான கேள்வியாகி விடுகிறது. நம்பிவிடுவதா? 'இதுவும் அதே பழைய பாட்டுத்தான்' என்று தள்ளிவிடுவதா? இரண்டுமே சுலபமான வழிதான். ஆனால் இரண்டு வழியிலும் சாவது நம்ம ஆளு. இதைச் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் மாரடைப்பு. அதிலும் கடல் கடந்து போன தெற்காசியர்களின் மாரடைப்பு. பலரும் இதைப் பணக்காரப் பிரச்சினை என்று நினைக்கக்கூடும். டாலரில் சம்பளம் வாங்குகிறவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் சேரிக்கென்ன என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

இந்தக் கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை. சிங்கப்பூரில் தொடங்குகிறது. 1950-களின் தொடக்கத்தில் அங்கே நடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிணப் பரிசோதனைகளின் பதிவுகளை டாக்டர் தனராஜும் அவரோடு சேர்ந்தவர்களும் அலசி 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஊரில் வாழ்ந்த சீனர்களைக் காட்டிலும் இந்தியர்கள் பல மடங்கு அதிகமாக இதயத் தமனி நோயால் செத்திருந்தார்கள். அன்றைய சிங்கப்பூர் இந்தியர் என்றால் யார்? பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கூலிகள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரோடு போட்டவர்கள், நகராட்சியில் மலம் அள்ளியவர்கள். அவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை நம் கிழவிகளைக் கேட்டாலே சொல்வார்கள். பிணப் பரிசோதனைப் பதிவில் சாதி இல்லை. 'இந்தியர்' என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது.

பிறகு லண்டன். சவுத்ஹால் பகுதியில் ஆய்வு செய்த மெக்கீக் குழுவினர் 1991-இல் எழுதினார்கள்: சீக்கியர், பஞ்சாபி இந்து, குஜராத்தி இந்து, முஸ்லிம் என்று சாப்பாடும் சாமியும் பழக்கவழக்கமும் வேறு வேறாக இருந்தாலும் எல்லாரிடமும் ஒரு பொது அம்சம் தெரிகிறது. வயிற்றில் சேரும் கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு. பிரிட்டனில் தெற்காசியர்கள் இதயத் தமனி நோயால் இறப்பது மொத்த மக்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்றும் கணக்கு வந்தது. கடல் கடக்காதவர்களிடமும் இதே கதைதான். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இருந்து 2007-இல் எடுத்த கணக்குப்படி, தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்ற நாடுகளில் 58.8 வயதில். ஏறக்குறைய ஆறு வருஷம் முன்னாடியே.

இத்தனை ஊரில், இத்தனை சனத்துக்கு ஒரே மாதிரி நடந்தால் யாருக்கும் ஒரு எண்ணம் வரும். கோளாறு ஊரில் இல்லை, ஆளில் இருக்கிறது. ஆளின் ரத்தத்தில் இருக்கிறது.

இருக்கிறதா? இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

லிப்போபுரோட்டீன்(ஏ) என்று ஒன்று நம் ரத்தத்தில் ஓடுகிறது. கல்லீரல் செய்து அனுப்பும் கொழுப்புத் துகள். அது ஒருவர் உடம்பில் எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுதான் முடிவு செய்கிறது. சின்ன வயதிலேயே அளவு நிலைத்துப் போகும். கீரை தின்றாலும் ஓடினாலும் பெரிதாக அசைந்து கொடுக்காது. இன்டர்ஹார்ட் ரத்த மாதிரிகளை வைத்து ஏழு இனக்குழுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வந்தது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கும் தெற்காசியர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. தெற்காசியர்களின் மாரடைப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இதன் கணக்கில் எழுதலாம் என்றது அந்த ஆய்வு.

பத்தில் ஒரு பங்கு சின்ன விஷயமில்லை. ஆனால் 'எல்லாமே ரத்தம்' என்று சொல்வதற்கும் அது போதாது. அதே இன்டர்ஹார்ட் ஆய்வின் 2004-ஆம் ஆண்டு முடிவு என்ன சொன்னது? புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி இல்லாத சாப்பாடு, உடலுழைப்பு, மது பற்றிய பழக்கம் ஆகிய ஒன்பது காரணிகளே உலகம் முழுக்க ஆண்களின் முதல் மாரடைப்பில் 90 விழுக்காட்டுக்கும் பெண்களில் 94 விழுக்காட்டுக்கும் விளக்கம் தருகின்றன. தெற்காசியர்களுக்கு ஆறு வருஷம் முன்னாடி வருவதற்கும் பெரும்பகுதி இதே காரணிகள் இளவயதிலேயே வந்து ஏறிக்கொள்வதுதான் காரணம் என்று 2007 கணக்கு காட்டியது. இதனால் மரபணு பொய் என்று ஆகிவிடாது. மரபணு இந்தக் காரணிகளுக்குள்ளே புகுந்தும் வேலை செய்யும். ஆனால் தனியாக நின்று தீர்ப்பு எழுதும் நீதிபதி இல்லை அது.

இன்னொரு மரபணுக் கதையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி, ஐதராபாத் மரபணு ஆய்வாளர் தங்கராஜ் உள்ளிட்ட ஒரு பெரிய குழு ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. இதயத் தசைக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போனவர்கள் இந்தியாவில் சுமார் 4 விழுக்காடு. இது இருந்தால் பின் வயதில் இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து பல மடங்கு என்றார்கள். இதில் நான் கவனித்தது வேறு. அந்த விடுபாடு சாதி பார்க்கவில்லை. மேல்சாதி, கீழ்ச்சாதி, பழங்குடி, இந்து, முஸ்லிம் என்று எல்லா வீட்டிலும் இருந்தது. அது தோன்றி முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் என்றும் கணித்தார்கள். அதாவது மனு பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நாம் எல்லாரும் ஒரே உலையில் தின்றவர்கள் என்பதற்கு அது ஒரு ரசீது. ஆனால் 2020-இல் வேறொரு குழு திரும்பவும் பார்த்துவிட்டு, ஆபத்து அந்த 25 எழுத்தில் இல்லை, அதோடு சிலரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு அரிய மாற்றத்தில் இருக்கிறது என்று சொன்னது. விஞ்ஞானம் தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்கிறது. பதினோரு வருஷத்தில் திருத்திக்கொண்டது. வருணாசிரமம் இரண்டாயிரம் வருஷமாய்த் திருத்திக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, 'தெற்காசியர்' என்று இவர்கள் சொல்கிறார்களே, அது யார்? 1999-இல் நியூகாசில் நகரத்தில் ராஜ் போபாலும் அவர் குழுவும் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தார் என்று மூன்று கதை இருந்தது. மூன்றிலும் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் வங்கதேசத்தார். மூன்றிலும் மிக ஏழைகளும் அவர்கள்தான். மூட்டையாகக் கட்டியபோது ரத்தம் மட்டும் தெரிந்தது. அவிழ்த்தபோது வறுமை தெரிந்தது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1965-இல் மாறிய குடியேற்றச் சட்டம் டாக்டருக்கும் எஞ்சினியருக்கும் கதவு திறந்தது. இந்தியாவில் டாக்டரும் எஞ்சினியரும் யார் வீட்டில் இருந்தார்கள்? 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் எடுத்த கணக்கில், அங்குள்ள இந்தியக் குடியேறிகளில் தலித்துகளும் பிற அடித்தட்டுச் சாதியினரும் சேர்ந்தே 1.5 விழுக்காடுதான். டாக்டர் ஈனாஸ் ஈனாஸ் 1996-இல் வெளியிட்ட பெயர்பெற்ற ஆய்வு யாரை வைத்து நடந்தது? 1,688 பேர். அத்தனை பேரும் இந்திய டாக்டர்களும் அவர்கள் குடும்பத்தாரும். 2010-இல் தொடங்கிய 'மசாலா' ஆய்வு சிகாகோவிலும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் 906 தெற்காசியர்களைச் சேர்த்தது. பெரும்பாலோர் பட்டதாரிகள். ஆய்வு செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை, யார் கிடைத்தார்களோ அவர்களைத்தானே அளக்க முடியும். ஆனால் அளந்த உடம்பு யாருடையது என்பதை மறந்துவிட்டு, 'இந்திய உடம்பு', 'இந்திய மரபணு' என்று பொதுப்பெயர் வைப்பது நமக்குப் பழகிய தந்திரம். இந்தியப் பண்பாடு என்றால் அவர்கள் பண்பாடு, இந்தியச் சங்கீதம் என்றால் அவர்கள் சங்கீதம். இப்போது இந்திய இதயமும் அவர்கள் இதயம்.

இதில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மாட்டுக்கறி தின்கிறவன் உடம்பு கெட்ட உடம்பு, சைவ உடம்பு சுத்த உடம்பு என்று நம்மிடம் காலங்காலமாகச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகக் கறியே தொடாத குடும்பங்களிலும் தமனி அடைக்கிறது என்பதை அமெரிக்க டாக்டர் குடும்பங்களே நிரூபித்துவிட்டன. இதில் நமக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. யார் நெஞ்சு நின்றாலும் அது சாவுதான். ஆனால் அந்தச் 'சுத்தம்' என்ற பேச்சு நின்றுபோனால் நல்லது.

இப்போது கர்ப்பத்துக்கு வருவோம். பிறப்போடு வருவதெல்லாம் மரபணு என்று நினைத்துக்கொள்கிறோம். அது தப்பு. மரபணு அல்லாத ஒன்றும் பிறப்போடு வருகிறது. அது தாய் பட்ட பசி.

மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவப் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அங்கே 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்து இதயத்தைப் பரிசோதித்த ஆய்வு 1996-இல் வந்தது. பிறந்தபோது இரண்டரை கிலோவோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய். மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கு. புனேக்குப் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. அந்தக் கிராமத்துக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தையின் தசையும் உள்ளுறுப்பும் இளைத்திருந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு இளைக்கவில்லை. ஒல்லியாகப் பிறந்தும் கொழுப்போடு பிறக்கிறது. 2004-இல் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2.

இதை விளக்க இரண்டு கோட்பாடுகள் உண்டு. 1962-இல் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர், பஞ்ச காலத்தில் பிழைக்க உதவிய 'சிக்கன மரபணு' ஒன்று வளமான காலத்தில் நோயாகிறது என்றார். 1992-இல் ஹேல்ஸும் பார்க்கரும் இல்லை, சிக்கனத்தைக் கற்றுக்கொடுப்பது மரபணு அல்ல, கர்ப்பத்தில் கிடைத்த குறைச் சோறுதான் என்றார்கள். விஞ்ஞானிகளுக்கு இது ஒரு விவாதம். நமக்கு இது ஒரு வழக்கு. மரபணுதான் காரணம் என்றால் குற்றவாளி யாரும் இல்லை, முப்பதாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு விபத்து அவ்வளவுதான். ஆனால் காரணம் கர்ப்பத்தில் பட்ட பசி என்றால் உடனே ஒரு கேள்வி எழும்: அந்தத் தாய் அறுத்த நெல்லை யார் தின்றார்கள்?

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் நடவுக்குப் போன பெண்கள் வலி எடுக்கிற நாள் வரை சேற்றில் நின்றார்கள். எங்க பாட்டி அப்படி நின்றவள்தான். "கூழு ஒரு வேளை, தண்ணி ரெண்டு வேளை" என்று அவள் கணக்குச் சொல்லுவாள். இந்தக் கணக்கு எந்த மரபணு வரைபடத்திலும் வராது. 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையில் இருந்து டர்பனுக்குப் போனது முதல் 1911 வரை சுமார் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. இடையில் 1876-78 தாது வருஷப் பஞ்சம். கப்பல் ஏறியவர்கள் மரபணுவை மட்டும் கொண்டுபோகவில்லை. பண்ணையின் பசியையும் தாயின் இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். போய் எதை வெட்டினார்கள்? கரும்பு. 1960-களிலேயே டர்பன் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மிகுந்திருப்பதை டாக்டர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

ரத்தம் குற்றவாளி இல்லை என்று சொன்னேன். ஆனால் ரத்தம் ஒரு சாட்சி. இதையும் நாம் கேட்க வேண்டும். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இருபத்தைந்து வயது மாணவராக அண்ணல் அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம், தனக்குள்ளேயே மணந்துகொள்ளும் அந்தச் சுவர்தான் சாதி என்றார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2016-இல் கல்யாணியில் உள்ள மரபணு நிறுவனத்து ஆய்வாளர்கள், இந்தியாவில் மேல்சாதியினர் உள்ளிட்ட பல குழுக்கள் வெளிக் கலப்பை ஏறக்குறைய எழுபது தலைமுறைக்கு முன் நிறுத்திக்கொண்டதன் தடயத்தை மரபணுவில் கண்டார்கள். 2017-இல் வந்த இன்னொரு ஆய்வு 260-க்கு மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள் பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய யூதர்களையும் விட இறுக்கமாகத் தமக்குள்ளேயே சுருண்டவை. அரிய பரம்பரை நோய்கள் இப்படிச் சுருண்ட இடத்தில்தான் தலைதூக்கும். சாதி கெட்டது என்பதற்கு நமக்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் சுவர் கட்டியவன் வீட்டுக்குள்ளேயே சுவர் நோயாய் முளைக்கிறது என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவிலும் லண்டனிலும் உட்கார்ந்துகொண்டு சாதி போட்டு மணமகள் தேடி விளம்பரம் கொடுப்பவனுக்கும் தெரிய வேண்டும்.

நமக்கும் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது நம் வீடுகளிலும் முறையாக இருக்கிறது. குடும்ப வழியில் கொழுப்பு மிகும் நோய் ஒன்று, ஏறக்குறைய 250, 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அம்மா, அப்பா இரண்டு பக்கமும் அதே கோளாறு வந்து சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பத்து, இருபது வயதிலேயே மாரடைப்பு வரலாம். உறவுக்குள் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. "சொத்து வெளிய போவக் கூடாது" என்று சொல்லித்தான் ஊர்த்தெரு அப்படிக் கட்டுகிறது. நமக்கு எந்தச் சொத்து வெளியே போய்விடும்?

இனி, 'மரபணுவே வேண்டாம், அது பார்ப்பனியத்தின் புது வேஷம்' என்று சொல்லும் தோழர்களிடம் ஒரு வார்த்தை. எங்கப்பா நாற்பத்தாறு வயதில் செத்தார். நெஞ்சு கரிக்கிறது என்றார், வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்தோம். விடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அங்கிருந்த டாக்டர் கையைக் கூடப் பிடித்துப் பார்க்காமல், "குடிச்சே சாவுறீங்கடா நீங்க" என்றார். எங்கப்பா குடித்ததில்லை. மூன்று வருஷம் கழித்து சித்தப்பா, நாற்பத்தொன்பதில். தெருவில் செய்வினை என்றார்கள். எந்த டாக்டரும் எங்க குடும்பத்தில் ஒருவரிடமும், "உங்க வீட்டில் யார், எந்த வயதில், எப்படிச் செத்தார்கள்" என்று கேட்டதில்லை. எங்கள் பிறப்பு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் எங்கள் பரம்பரையைக் கேட்கத் தோன்றவில்லை.

சித்தப்பா மகன் நர்ஸ் வேலைக்கு லண்டன் போனான். போன மறு வருஷம் ராத்திரி போன் பண்ணினான். "அண்ணா, பெரிப்பா எந்த வயசுல பூட்டாரு?" என்றான். எதுக்குடா இப்ப என்றேன். "இங்க டாக்டரு கேக்குறாருண்ணா. அப்பனுக்கு எத்தினி வயசு, பெரியப்பனுக்கு எத்தினி வயசுன்னு எழுதி எடுத்துக்கினு வரச் சொன்னாரு." ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கொழுப்பு மிகுதி. மாத்திரை கொடுத்தார்கள். அதன் பேரில்தான் நானும் என் தம்பியும் இங்கே ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் மிகுதி. இன்று மூன்று பேரும் அப்பாக்களின் வயதைத் தாண்டி உயிரோடு இருக்கிறோம்.

அந்த லண்டன் டாக்டரும் பிறப்பைத்தான் கேட்டார். ஊர்க் கவுண்டரும் பிறப்பைத்தான் கேட்டார். கேள்வி ஒன்றுதான். ஒருவர் கேட்டது ஒதுக்கி வைக்க, ஒருவர் கேட்டது காப்பாற்ற.

நமக்கு இது புதுசு இல்லை. சாதிச் சான்றிதழ் வாங்க நிற்கும்போதெல்லாம் நாம் கேட்கும் குத்தல் என்ன? "சாதி இல்லேங்கிறீங்க, அப்புறம் எதுக்குச் சாதி சர்டிபிகேட்?" இதற்கு நாம் பதில் சொல்லிப் பழகியவர்கள். வருணாசிரமமும் பிறப்பைக் கேட்கிறது, இட ஒதுக்கீடும் பிறப்பைக் கேட்கிறது. முன்னது பிறப்பில் இருந்து தகுதிக்குப் போகிறது: நீ இப்படிப் பிறந்தாய், உனக்கு இவ்வளவுதான். பின்னது பிறப்பில் இருந்து கடமைக்குப் போகிறது: உனக்கு இப்படி நேர்ந்தது, ஆகவே எங்கள் கடன் இவ்வளவு. மருத்துவத்திலும் இதே அளவுகோல்தான். 'உனக்கு ஆபத்து அதிகம், ஆகவே உனக்கு முதலில் கவனிப்பு' என்று சொல்லும் மரபணு அறிவு நம்முடையது. 'உன் பிறவியே அப்படி, நாங்கள் என்ன செய்ய' என்று கைகழுவும் மரபணுப் பேச்சு மனுவினுடையது. காரணம் வேறு, பழி வேறு. மரபணு ஒரு நோய்க்குக் காரணமாக இருக்கலாம். பழியை அதன் மேல் போட முடியாது. பழி, தடுக்க முடிந்தும் தடுக்காதவன் மேல்தான்.

கைகழுவும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. பிறவியிலேயே இதயத் தசை தடிக்கும் நோய் உள்ள ஒருவருக்கு 'இது மரபணு நோய்' என்று காரணம் காட்டி ஒரு காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது, சமத்துவ உரிமைக்கு எதிரானது என்றது. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுவைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆயுள் காப்பீட்டைத் தொடாமல் விட்டுவிட்டது.

நல்ல வேலையும் நடக்கிறது. பிரிட்டனில் 2008-இல் வந்த கியூரிஸ்க்-2 என்ற கணக்கீடு, ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணிக்க வயது, கொழுப்போடு சேர்த்து இரண்டு கேள்வி கேட்டது. நீ இந்தியனா, பாகிஸ்தானியா, வங்கதேசத்தவனா? இரண்டாவது, உன் வீடு எந்தப் பகுதியில், அந்தப் பகுதி எவ்வளவு வறிய பகுதி? பிறப்பும் சேரியும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில். அமெரிக்காவில் 2018 வழிகாட்டு நெறி தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் அம்சம் என்று எழுதியது. 2023-இல் வந்த புதுக் கணக்கீடு இனத்தை எடுத்துவிட்டு, விரும்பினால் வசிக்கும் பகுதியின் வறுமையைச் சேர்த்துக்கொள்ள இடம் வைத்தது. இனத்தை எடுத்ததால் தெற்காசியரின் ஆபத்து குறைத்துக் காட்டப்படும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இனத்தை வைத்திருந்தால் வறுமை மறைந்துபோகும் என்று ஒரு சாரார். நான் பிரிட்டன் தாளின் பக்கம். இரண்டையும் கேள், இரண்டுக்கும் பொறுப்பெடு. அந்தத் தாளில் சாதிக்கு இன்னும் இடம் இல்லை. ரத்தமாக அல்ல, வாழ்ந்த வாழ்க்கையாக, தாய் தின்ற சோறாக அது கேட்கப்பட வேண்டும்.

அதற்கு முன் நாம் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. நம் தெருவில் நெஞ்சு வலியில் செத்தவர்களின் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. 'வாயு', 'செய்வினை', 'குடி' என்று புதைத்துவிட்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். யார், எந்த வயசில், எப்படி? பிறந்தபோது எடை தெரியுமா, தாய் எதுவரை வேலைக்குப் போனாள்? ஆணுக்கு ஐம்பத்தைந்தும் பெண்ணுக்கு அறுபத்தைந்தும் ஆவதற்குள் நெஞ்சு வலியில் போனவர் உள்ள வீட்டின் மேல் ஒரு கோடு போடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொழுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். லிப்போபுரோட்டீன்(ஏ) பரிசோதனை பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறை போதும், அதையும் கேளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இன்று விலை அதிகமில்லை. டாக்டர் கேட்கவில்லை என்றால் நோட்டை அவர் மேசையில் விரித்து வையுங்கள். "இதெல்லாம் எதுக்கு?" என்று அவர் கேட்டால், இது எங்க பிறப்பு, படிச்சுப் பாருங்க என்று சொல்லுங்கள்.